சக்கை என்று சொல்லக் கூடாத வீடு

என் மருமகளுக்கு இது ஆறாம் மாதக் கர்ப்பம். எதையும் வாயில் வைப்பதற்கு முன் கைப்பேசியிடம் கேட்டுவிட்டுத்தான் வைக்கிறாள். பப்பாளி தின்னலாமா, நண்டு தின்னலாமா, எள்ளுருண்டை தின்னலாமா என்று. அதுவும் ஓர் இடத்தில் தாராளமாகத் தின்னலாம் என்கிறது, விரலைத் தள்ளினால் தொடவே தொடாதே என்கிறது. அவள் நிமிர்ந்து என்னைப் பார்க்கிறாள். நான் மின்விசிறியைப் பார்க்கிறேன். முட்டுக்குத் தைலம் தேய்த்தபடி இதைப் படிக்கும் என் வயதுக்காரர்களே, உங்கள் வீடுகளிலும் இந்தச் சங்கடம் நடந்திருக்கும். நம் அம்மைமார் சொன்ன காரணங்களைச் சொன்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சொல்லாமல் விட்டால் நமக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

அந்தக் காரணங்களைச் சின்ன வயதிலேயே தோண்டித் துருவிக் கேட்டவள் நான். "எதுக்கு, எதுக்குன்னு கேட்டுக் கேட்டே இவ ஒரு நாளு அடி வாங்கிச் சாவா" என்று அம்மை சொல்லுவாள். அடி வாங்கினேன். சாகவில்லை, கேட்பதும் நிற்கவில்லை. நான் மிக அதிகமாகக் கேட்டதும், கேட்டதற்குப் பதில் கிடைக்காமல் திண்டாடியதும் ஒரு சக்கைக் காலத்தில். பலாப்பழத்தைத்தான் சொல்கிறேன். வடக்கே கட்டிக்கொண்டு போனவர்கள் கரும்புச் சக்கையை நினைத்துவிடக் கூடாது.

பாறசாலையிலிருந்து வெள்ளறடைக்குப் போகும் வழியில், சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் வீடு. சுற்றிலும் ரப்பர், அதற்குள் திட்டுத் திட்டாக மரச்சீனிக் கிழங்கு, வீட்டை ஒட்டி இரண்டு பிலாவு, அதாவது பலா மரம். அப்பா, அம்மை, அப்பாவின் தம்பியான சித்தப்பா, சித்தி, நான். பிள்ளை என்று வீட்டில் நான் ஒருத்திதான், எனக்கு அப்போது ஒன்பது வயது நடந்துகொண்டிருந்தது. சித்தப்பா திருவனந்தபுரத்தில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்தார். சனிக்கிழமை சாயங்காலம் வந்து திங்கட்கிழமை விடிகாலை பஸ்ஸில் போய்விடுவார். வீட்டை நடத்தியது அம்மை. அப்பா சர்ச்சில் சபைக் கமிட்டியை நடத்தினார்.

சித்தி கள்ளிக்காட்டுக்காரி, அணைக்கட்டுப் பக்கம். அவள் அப்பன் மலையடிவாரத்துச் சபையில் உபதேசியார். கண்ணேறு, தோஷம், ஓதிக் கட்டுதல் எல்லாம் அந்த வீட்டுக்குள் பெயருக்குக்கூட நுழையாதவை. சித்திக்கு எங்கள் வீட்டுக்கு வந்த வருஷமே ஒரு பிள்ளை வயிற்றில் தங்கி, நான்காம் மாதத்தில் கலைந்து போயிற்று. அந்தச் சக்கைக் காலம் முழுக்க அவள் தாய்வீட்டில் படுத்துக் கிடந்தாள். அடுத்த வருஷம் திரும்பவும் உண்டானாள். பிலாவில் சக்கை மூக்கும் முழியுமாகத் தொங்க ஆரம்பித்தபோது அவளுக்கு ஐந்து மாதம் முடிந்திருந்தது. இந்தப் பிள்ளை நிற்குமா என்பதுதான் வீட்டின் ஒரே கேள்வி. யாரும் அதை வாய்விட்டுக் கேட்கவில்லை, ஆனால் அரிசி களையும்போதும் ரப்பர் பால் ஊற்றும்போதும் எல்லாருக்கும் அதே நினைப்புத்தான்.

அம்மை சட்டம் போட்டாள். பப்பாளி கலைக்கும், ஆகாது. எள்ளு சூடு, ஆகாது. கைதச்சக்கை, அதாவது அன்னாசி, சூட்டிலும் சூடு. நண்டு தின்றால் பிள்ளைக்குச் சொறி வரும். ஒட்டிப் பிறந்த ரெட்டை வாழைப்பழம் தின்றால் ரெட்டைப் பிள்ளை. ரெட்டைப் பிள்ளை வந்தால் நல்லதுதானே, போனதும் திரும்பி வந்த மாதிரி ஆச்சே என்று நான் கேட்டேன். அன்றைக்குத்தான் முதல் அடி. எல்லாவற்றுக்கும் மேலே சக்கை. மற்றவற்றுக்கெல்லாம் காரணம் சொன்ன அம்மை, சக்கைக்கு மட்டும் காரணம் சொல்லவில்லை. "ஆவாதுன்னா ஆவாது" என்றதோடு சரி. நான் விடுவேனா? உபதேசியார் வீட்டிலிருந்து சித்தியைப் பார்க்க வந்திருந்த அவளுடைய அம்மாவிடம் கேட்டேன். அதெல்லாம் அஞ்ஞான வழக்கம் பிள்ளே என்று அந்த அம்மாள் எனக்கு நீண்ட புத்தி சொன்னாள். பிறகு அடுக்களைக்குள் போய், குரலைத் தாழ்த்தி, "அவளுக்குச் சக்கை மட்டும் குடுக்காண்டாம், கேட்டியளா" என்று அம்மையிடம் சொன்னாள். கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

சட்டம் இதோடு முடிந்திருந்தால் ஒரு பாடும் இல்லை. சித்தி தின்னாமல் இருப்பாள், நாங்கள் தின்போம். ஆனால் எங்கள் பக்கத்தில் கொதி என்று ஒன்று உண்டு. நாம் தின்னும்போது ஒருத்தர் ஆசையாகப் பார்த்து, அவருக்குக் கொடுக்காமல் நாம் தின்றுவிட்டால், அந்த ஆசை நம் வயிற்றில் வந்து விழும். வயிறு நோகும், குமட்டி ஓங்கரிக்கும். கர்ப்பிணியின் கொதி எல்லாவற்றிலும் பொல்லாதது. அவள் ஆசைப்பட்டுக் கிடைக்காமல் போனால் தின்றவருக்கு நோவு வருவது மட்டுமல்ல, பிறக்கிற பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும். ஆகவே கர்ப்பிணி கண்டதை அவளுக்குக் கொடுத்தே ஆக வேண்டும். சக்கையோ கொடுக்கவே கூடாது. இரண்டு சட்டமும் ஒரு வீட்டில் இருந்தால் என்னதான் செய்வது? அவள் கண்ணில் படாமல் நாம் தின்ன வேண்டும். கண்ணில் மட்டும் படாமல் இருந்தால் போதாது, பேர் காதில் விழுந்தாலே ஆசை முளைக்குமாம். ஆகையால் அந்த வீட்டில் சக்கை என்ற சொல்லே கூடாது. நாங்கள் அதற்கு "அது" என்று பேர் வைத்தோம்.

முதலில் மாட்டியது நான்தான். அடுக்களைப் படியில் உட்கார்ந்து அரைச் சக்கையை ஒற்றை ஆளாகத் தீர்த்துக்கொண்டிருந்தேன். சித்தி தண்ணீர் எடுக்க வந்தவள் வாசலில் ஒரு நொடி நின்றாள், என்னைப் பார்த்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போனாள். சாயங்காலம் எனக்கு வயிறு முறுக்கியது. அரைச் சக்கை தின்றால் யாருக்கும் முறுக்கும் என்று இப்போது தெரிகிறது. அம்மைக்கு அப்போது ஒரே காரணம்தான் தெரிந்தது. முந்தானைக்குள் ஒரு கைப்பிடி உப்பை மறைத்துக்கொண்டு, பின்வழியாக என்னைச் சைக்கிள் கடை மாமன் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

மாமன் எங்களுக்கு அடுத்த வீடு. முக்கில் பஸ் நிற்குமிடத்துக்கு எதிரே சைக்கிள் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். சாமி கும்பிடுகிறவர், கொதிக்கு ஓதத் தெரிந்தவர். கிரீஸ் பிடித்த கையைக் கழுவிவிட்டு உப்பை வாங்கி, உதடு மட்டும் அசைய ஏதோ சொல்லி, மூன்று தரம் ஊதி, என் நாக்கில் ஓர் உப்புக்கல்லை வைத்தார். வலி போய்விட்டது என்று நான் சொன்னேன். உண்மையிலேயே போயிற்றா, இல்லை அவர் வீட்டுப் பூவரச மரத்தடியில் புதிதாகக் கட்டியிருந்த சினை ஆட்டைப் பார்த்ததில் மறந்துவிட்டதா என்று எனக்குத் தெரியாது. அம்மை என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பாவுக்குத் தெரியப்பிடாது. சபையில தெரிஞ்சா வெக்கக்கேடு. சித்திக்கு ஒட்டும் தெரியப்பிடாது, அவ உபதேசியாருக்க மோளாக்கும்" என்று சத்தியம் வாங்கிக்கொண்டிருந்தாள். அப்போது வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு, வயிற்றைத் தடவியபடி அப்பா வந்தார். எங்களைப் பார்த்ததும் கை தானாக இறங்கியது.

"சைக்கிளுக்குக் காத்து அடிக்கணும்" என்றார் மாமனிடம்.

சைக்கிள் வீட்டில் நின்றுகொண்டிருந்தது. மாமன் நல்ல மனிதர். "சைக்கிள நாளைக்குக் கொண்டுவாரும், இப்ப உப்பு இருந்தா தாரும்" என்றார்.

அதற்குப் பிறகு வீட்டில் இரகசியம் அதிகாரபூர்வமாயிற்று. அது பழுத்தால் எங்கே வைத்துத் தின்பது என்று அப்பாவே யோசித்து இடம் சொன்னார், ஷீட் புரை. ரப்பர் பாலை ஆசிட் விட்டு உறைய வைத்து, உருளையில் கொடுத்துத் தகடாக அடித்து, கம்பில் தொங்கவிட்டுப் புகை போடும் ஓலைக் கொட்டகை. அதன் புளித்த வாடைக்கு முன்னால் எந்தச் சக்கை மணமும் நிற்காது. சக்கையைத் தோட்டத்தின் கடைசி மூலையில் பழுக்க வைத்தோம். தினமும் சாயங்காலம், சித்தி படுத்திருக்கும் நேரம் பார்த்து, நாங்கள் ஒருத்தர் பின் ஒருத்தராகப் புரைக்குள் போவோம். அம்மை கையில் எண்ணெய் தடவிக்கொண்டு வெட்டுவாள், நாங்கள் தின்போம், வாயைக் கழுவித் துடைத்துக்கொண்டு ஒன்றும் நடக்காத மாதிரி திரும்பி வருவோம். இன்றைக்கும் கெட்டியான வரிக்கைச் சுளையைக் கடித்தால் எனக்கு மூக்கில் ஆசிட் வாடை அடிக்கிறது. உங்களில் யாருக்காவது இப்படி ஒரு தண்டனை உண்டா?

சக்கை மடலும், சுளைகளுக்கு இடையே இருக்கும் சவிணி நாருமாக மிச்சமானதைக் கூடையில் வாரிக்கொண்டு போய் மாமன் வீட்டுச் சினை ஆட்டுக்குப் போடுவது என் வேலை. ஆட்டுக்கு அதைப் போல ருசி வேறில்லை. சுளை ஒட்டியிருந்த மடலை அது நக்கி நக்கித் தின்றது. எனக்குள் கேள்வி கிளம்பிவிட்டது. மனுஷிக்கு ஆகாதது ஆட்டுக்கு மட்டும் எப்படி ஆகும்? ஆட்டின் வயிற்றில் இருப்பதும் குட்டிதானே? அம்மையிடம் கேட்டால் மடல் போடுவது நின்றுவிடும், ஆகையால் கேட்காமல் கவனித்துக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆடு இரண்டு குட்டி போட்டது. இரண்டும் விழுந்த கொஞ்ச நேரத்தில் காலூன்றி நின்றன. ஓடிப் போய் அம்மையிடம் சொன்னேன்.

"அது தின்ன ஆடாக்கும். தெனமும் தின்னுது. ரெண்டு குட்டி, ரெண்டுக்கும் ஒரு பாடும் இல்ல!"

அடி விழும் என்று முதுகை வளைத்தேன். விழவில்லை. "ரெண்டும் உயிரோடயா?" என்று கேட்டாள் அம்மை. கேட்ட விதம் எனக்குப் புதிதாக இருந்தது. கையிலிருந்த முறத்தை அப்படியே வைத்துவிட்டு மாமன் வீட்டு வேலிக்குப் போனாள். குட்டிகள் முட்டிக் குடிப்பதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பி வரும்போது, "ஆடும் மனுஷியும் ஒண்ணா, போ அங்கோட்டு" என்று என்னை விரட்டினாள். குரலில் கோபம் இருந்தது. ஆனால் யார்மேல் என்று எனக்குப் புரியவில்லை.

இதெல்லாம் எங்களுக்கு வேடிக்கை. சித்திக்கு இது எப்படி இருந்தது என்று நாங்கள் ஒருத்தரும் யோசிக்கவில்லை.

அவள் பக்கத்தில் நின்று பாருங்கள். முதலில் அவளுக்கு மட்டும் தனியாகச் சோறு. "நீ முன்னயே தின்னுட்டுக் கிட மக்கா, எங்களுக்கு நேரம் ஆவும்" என்று அம்மை நல்ல மீனாகப் பார்த்து அவள் தட்டில் வைப்பாள். அவள் ஒற்றைக்கு உட்கார்ந்து தின்பாள். சாயங்காலமானால் வீடே காலியாகும். எல்லாரும் வாயைத் துடைத்துக்கொண்டு வருவார்கள். எங்கே போனீர்கள் என்றால் ஒருத்தர் ஷீட் திருப்ப என்பார், ஒருத்தர் விறகு பொறுக்க என்பார். "அவ எழும்புமுன்ன முடிச்சிரணும்" என்று அம்மை சொன்னது ஒரு நாள் அவள் காதிலேயே விழுந்திருக்கிறது. அடுத்த வீட்டுக்குப் போனால், மாமனின் மகள் உள்ளேயிருந்து நண்டின் ஓட்டை உடைக்கும் சத்தத்தை நிறுத்திவிட்டுக் கதவை ஒருக்களித்து, "இப்ப வரண்டாம் அக்கா, பெறவு வாருங்க" என்று சொல்லிச் சாத்துவாள். ஆஸ்பத்திரியில் எடை பார்த்த நர்ஸ், எடை கூடவில்லையே என்று திட்டி அனுப்பினாள். அம்மை பயந்துபோய், பயற்றுக் கஞ்சியில் இன்னும் கொஞ்சம் நெய் விட்டாள். சித்தி அதில் பாதியைத் தென்னை மூட்டில் ஊற்றியதை நான் பார்த்தேன்.

பிறகு அறுப்புப் பண்டிகை வந்தது. விளைந்ததில் முதலானதை ஆளுக்கொன்று கொண்டு வந்து சர்ச்சில் படைத்து, ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் வைத்து ஏலம் விடுவார்கள். உங்களுக்கு நினைவிருக்குமே, கட்டிப்போட்ட சேவல் கூவும், வாழைக்குலை சாய்ந்து கிடக்கும், ஒரு முட்டைக்கு இரண்டு பேர் வீம்புக்கு விலை ஏற்றுவார்கள். அந்த வருஷம் முற்றம் நிறையச் சக்கையும் கைதச்சக்கையும். ஆராதனை முடிந்து கூட்டம் வெளியே வந்தது, சித்தியும் வந்தாள். படியில் கால் வைப்பதற்குள் பெண்கள் எல்லாரும் அவளைச் சுற்றி வேலி கட்டிய மாதிரி நின்றுவிட்டார்கள். ஒருத்தி வெயில் என்றாள். ஒருத்தி தள்ளுமுள்ளு என்றாள். "நீ உள்ள போயி இரு மக்கா, எல்லாம் முடிஞ்சு விளிக்கோம்" என்று அம்மையே அவள் தோளைப் பிடித்துத் திருப்பினாள். துணைக்கு என்னை உள்ளே தள்ளினாள்.

காலி சர்ச்சில் கடைசி பெஞ்சில் நானும் சித்தியும் உட்கார்ந்திருந்தோம். வெளியே ஏலக்காரர் கத்துவதும் சனங்கள் சிரிப்பதும் கேட்டது. சித்தி மடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு பீடத்தையே பார்த்தாள்.

"மோளே, நீ கள்ளம் சொல்ல மாட்டே. என்னெ எதுக்கு அங்க நிக்க விடல்ல?"

வாய் வரைக்கும் வந்தது. காரணம் சொல்ல வேண்டுமானால் அதன் பேரைச் சொல்ல வேண்டும். பேரைச் சொன்னால் சித்திக்கு ஆசை முளைக்கும், பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும். எல்லாரிடமும் காரணம் கேட்டு அலைந்த எனக்கு, காரணம் தெரிந்தும் சொல்ல முடியாத நிலை. தெரியாது என்று தலையை ஆட்டினேன்.

மறுநாள் காலை சித்தப்பா விடிகாலை பஸ்ஸுக்குப் போன பிறகு, நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். சித்தியின் அறைக் கதவு திறந்து கிடந்தது. கொடியில் அவள் சேலைகள் இல்லை. சைக்கிள் கடை மாமன் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார். "ஒங்க எளையவ பையும் கையுமாட்டு பஸ்ஸுக்கு நிக்குது, ஆரும் அறிஞ்சில்லியா?" என்றார். அம்மை மாவு அரைத்த கையோடு ஓடினாள். நான் பின்னால் ஓடினேன்.

முக்கில் ஓடைப் பாலத்தின் கலுங்குக் கட்டையில் சித்தி உட்கார்ந்திருந்தாள். காலடியில் ஒரு பை. வெள்ளறடை பஸ்ஸில் ஏறி, அங்கே மாறிக் கள்ளிக்காட்டுக்குப் போக வேண்டும். அந்த ரோட்டில் ஒருதரம் போய் வந்தால் வயிற்றில் ஒன்றும் இல்லாதவர்களுக்கே குடல் இடம் மாறும்.

"எங்க போறே?" என்றாள் அம்மை மூச்சு வாங்க.

"எனக்க அப்பன் வீட்டுக்கு. இனி வரல்ல அக்கா."

"எதுக்காக்கும்? ஒனக்கு நான் என்ன கொறவு வச்சேன்?"

"ஒரு கொறவும் இல்ல. சோறு உண்டு, மீனு உண்டு, நெய்யி உண்டு. கூட இருந்து திங்க ஒரு ஆளு இல்ல." சித்தி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை போலிருந்தது. "நான் வந்தா பேச்சு நிக்குது. நான் போனா கதவு அடைக்குது. நேத்து கர்த்தருக்க வீட்டு முற்றத்திலயும் எனக்கு நிக்க எடம் இல்ல. எனக்குத் தெரியும் அக்கா. ஒரு பிள்ளைய முழுங்குனவ, மொகத்தில முழிக்கப்பிடாதுன்னு தானே?"

அம்மை மாவு காய்ந்துகொண்டிருந்த கையைச் சேலையில் துடைத்தாள். அவள் அவஸ்தை எனக்கு மட்டும் தெரிந்தது. கொதி என்று சொல்ல முடியாது, கேட்பவள் உபதேசியார் மகள். அதன் பேரைச் சொல்ல முடியாது, கேட்பவள் கர்ப்பிணி. வளைவில் பஸ் ஹார்ன் அடித்தது. சித்தி எழுந்து பையை எடுத்தாள்.

"சக்கையாக்கும்!" என்று அம்மை கத்தினாள்.

நடு முக்கில், காலை நேரத்தில், அத்தனை மாதமும் அடக்கி வைத்த சொல் வெடித்துவிட்டது. மாமன் கையிலிருந்த பம்பைக் கீழே வைத்தார்.

"என்னது?"

"சக்கை. சக்கை தின்னோம் நாங்க. ஒனக்குத் தெரியாம ஷீட் புரையில வச்சுத் தின்னோம். நீ கண்டா ஒனக்குக் கொதிக்கும். கொதிச்சா தரணும். தந்தா நீ திம்பே. தின்னா..." அம்மை என்னைக் காட்டினாள். "இவளுக்கு எளையது ஒண்ணு உண்டாச்சு எனக்கு. அஞ்சு மாசம். திங்காதேன்னு எல்லாரும் சொன்னாவ. நான் கேக்கல்ல. எனக்கு அப்பிடி ஆசை. வரிக்கைச் சக்கை, வயிறு நிறைய தின்னேன். மறுநாளு போச்சு. அதுக்குப் பெறவு ஒண்ணும் தரிக்கல்ல. நானாக்கும் முழுங்குனவ, நீ இல்ல."

எனக்கு ஒரு தம்பியோ தங்கையோ இருந்திருக்க வேண்டியது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். எத்தனையோ கேட்டிருக்கிறேன், அதை மட்டும் கேட்கத் தோன்றவே இல்லை.

சித்தி பையைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் ஆச்சரியம்.

"அக்கா, எனக்கு சக்கை ஆவாது."

"ஆவாதுன்னுதானே நானும்..."

"அதில்ல. எனக்குப் பிடிக்காது. அந்த வாடை அடிச்சாலே ஓங்கரிக்கும். அன்னு இந்தப் பிள்ளை படியில இருந்து திங்கதக் கண்டு, உள்ள ஓடிப்போயி சத்தி எடுத்தேன். பெறந்ததிலேருந்து ஒரு சுளை நான் நாக்கில வச்சதில்ல." சித்தி தன் வயிற்றில் கை வைத்தாள். "எனக்கும் போச்சே அக்கா."

பஸ் வந்து நின்றது. யாரும் அதைப் பார்க்கவில்லை. அம்மை கலுங்குக் கட்டையில் மெல்ல உட்கார்ந்தாள். சித்தி சொன்னதை அவள் மனதுக்குள் முன்னும் பின்னுமாகப் புரட்டிப் பார்ப்பது முகத்திலேயே தெரிந்தது.

"அப்ப," என்றாள், "நான் தின்னதுனால இல்லியா?"

வாழ்க்கை முழுக்கக் கேள்வி கேட்டவள் நான், வாத்தியார் வேலை பார்த்து அடுத்தவர்களின் கேள்வியும் நிறையக் கேட்டவள். அம்மை அன்று கேட்டதைப் போல ஒரு கேள்வியை அதற்குப் பிறகு நான் யார் வாயிலும் கேட்டதில்லை.

"எனக்கு எப்பிடித் தெரியும் அக்கா?" என்றாள் சித்தி. அவள் பொய் சொல்லத் தெரியாதவள். "ஆனா நான் ஒண்ணும் தின்னல்ல. சொன்னதெல்லாம் கேட்டேன். அதாக்கும் எனக்குத் தெரியும்."

அம்மை அழுதாள். முக்கில் நின்றவர்கள் பார்க்க, மாவுக் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். சித்தியும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். கண்டக்டர் படியில் நின்று பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "சேச்சீ, கேறுன்னுண்டோ இல்லியோ?" என்று, ஏறுகிறதா இல்லையா என மலையாளத்தில் கேட்டான்.

"இல்ல. பஸ் போட்டும்" என்றாள் சித்தி.

பிள்ளை ஆடி மழையில் பிறந்தது. ஆண் பிள்ளை, அழுகையிலேயே ஊரைக் கூட்டினான். காதிலும் ஒன்றும் வடியவில்லை. இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டான், அவனுக்குச் சக்கை என்றால் உயிர். அம்மை பல வருஷம் இருந்து, அவன் கல்யாணத்தையும் பார்த்துவிட்டுத்தான் போனாள். அவளைக் கடுமையானவள் என்று நான் நினைத்திருந்த நாட்கள் உண்டு. எங்கள் அத்தனை பேருக்கும் சக்கை வெட்டிக் கொடுத்த அந்தச் சாயங்காலங்களில் அவள் என்ன நினைத்துக்கொண்டிருந்தாள் என்று இப்போது யோசித்தால் எனக்கு நெஞ்சு வலிக்கிறது. பயந்தவர்களுடைய அன்பைக் கடுமை என்று நாம் எத்தனை பேரிடம் தப்பாக எண்ணியிருக்கிறோமோ. பெரியவர்களுக்குள் ஒரு பெரிய பயம் இருக்கும் என்பது சின்னப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

பஸ்ஸைப் போக விட்ட அன்று சாயங்காலம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். விளக்கு வைத்ததும் எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம் உண்டு. அப்பா வேதத்தில் ஒரு அதிகாரம் வாசிப்பார். நான் வாசிக்கும் நாளில் ஒரு எழுத்து தவறினாலும் கண்ணை மூடியபடியே திருத்துவார். பிறகு அவரே எல்லாருக்காகவும் ஜெபிப்பார். அம்மை முக்காட்டைப் போட்டுக்கொண்டு சுவரோரம் முழங்காலில் நிற்பாள். வாய்விட்டு அவள் ஜெபித்து நான் கேட்டதில்லை. அன்று சித்தி அவளை ஒட்டி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அப்பா ஜெபித்து முடித்து ஆமென் சொல்வதற்கு மூச்சு எடுத்தார். அதற்குள் அம்மையின் குரல் கேட்டது.

"கர்த்தாவே, நீர் எனக்குத் தந்த ரெண்டு பிள்ளையளுக்காவும் ஸ்தோத்திரம்."

நான் கண்ணைத் திறந்துவிட்டேன். இப்போது அப்பா திருத்துவார் என்று பார்த்தேன். அவர் தலையை நிமிர்த்தவில்லை. "ரெண்டு பேருக்காவும்," என்றார், "ஆமென்."